மூலிகைத் தூள் பன்றிக் காய்ச்சலைத் தடுக்குமா? பகோவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மியான்மரில் பகோவுக்குப் பக்கத்தில் எட்டுத் தாய்ப்பன்றிகளும் அவற்றின் குட்டிகளும் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. தீவனக் கடையில் மஞ்சள், பூண்டு, நிலவேம்பு படம் போட்ட 'நோய் எதிர்ப்பு மூலிகைத் தூள்' விற்கிறார்கள். தீவனத்தில் கலந்து கொடுத்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்கூட அண்டாது என்று கடைக்காரர் சொல்ல, இவரும் இரண்டு மூட்டை வாங்கிவிட்டார். கடைக்காரர் சொன்னது உண்மையா, இதையே வீட்டில் அரைத்துக்கொள்ளலாமா, பால் மறக்கடித்த குட்டிகளுக்கு வரும் கழிச்சல் இதனால் நிற்குமா, வாங்கிய மூட்டையை என்ன செய்வது என்று கேட்கிறார். நான் கால்நடை மருத்துவன் அல்ல. யாங்கோனில் தீவன ஆலையில் கலவைக் கணக்கு பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை எந்த மூலிகையும் தடுக்காது, குணப்படுத்தாது. அந்த நோய்க்கு இன்றுவரை மருந்தே கிடையாது. தடுப்பூசி என்று பார்த்தால் வியட்நாம் 2022இலிருந்து சிலவற்றை அனுமதித்திருக்கிறது, அவற்றைப் பற்றியும் உலகம் முழுக்க ஒத்த கருத்து இல்லை. 2018 ஆகஸ்டில் சீனாவில் தொடங்கி, அடுத்த ஆண்டு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் என்று இறங்கி, 2019 ஆகஸ்டில் நம் ஷான் மாநிலத்துக்குள் வந்த நோய் அது. வந்த பட்டியில் பெரும்பாலும் எல்லாவற்றையும் கொண்டுபோகிறது. சில செடிச்சத்துகள் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில், இந்த வைரஸின் பெருக்கத்தைக் குறைத்ததாகக் கட்டுரைகள் உண்டு. அந்தக் கட்டுரைகளை வைத்துக்கொண்டுதான் சிலர் பொட்டலத்தில் எழுதுகிறார்கள். கண்ணாடித் தட்டுக்கும் உங்கள் பட்டிக்கும் நடுவில் ஒரு வயிறு, ஒரு ஈரல், எண்பது நூறு கிலோ உடம்பு இருக்கிறது. அதைத் தாண்டி வேலை செய்ததாக யாரும் பட்டியில் நிரூபிக்கவில்லை.

அந்த வைரஸ் எப்படி வருகிறது என்று தெரிந்தால் தூள் ஏன் உதவாது என்பதும் புரியும். நோயுற்ற பன்றியின் இரத்தத்தில் அது கொள்ளை கொள்ளையாக இருக்கும். இறைச்சியிலும் இருக்கும். உறைய வைத்தாலும் உப்பில் ஊறவைத்தாலும் மாதக்கணக்கில் சாகாது. கடைகளிலிருந்து வாங்கி வரும் எச்சில் சோற்றில் ஒரு துண்டு பன்றிக்கறி கிடந்தால் போதும். வாங்க வருகிற வியாபாரியின் லாரி, அவர் கொண்டுவரும் தராசு, ஊர் ஊராகச் சினைக்கு ஓட்டிப்போகும் ஆண்பன்றி, இவைதான் அதன் வாகனங்கள். எச்சில் சோறு கொடுக்காமல் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லும் அளவு இது: குறைந்தது 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கிளறிக்கொண்டே, ஒரு மணி நேரம். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவதெல்லாம் கணக்கில் சேராது. விறகு விலையைப் பார்த்தால் எச்சில் சோற்றை விட்டுவிடுவதே மலிவு என்று எனக்குத் தோன்றுகிறது. புளிக்க வைத்தால் செத்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். புளிப்பைக் காட்டும் pH அளவு (புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 3.9க்கும் கீழே இறங்கினால்தான் அந்த வைரஸ் செயலிழக்கும். நம் பீப்பாயில் புளிக்கும் தீவனம் பெரும்பாலும் அதற்கு மேலேயே நின்றுவிடும்.

சரி, அப்படியானால் மூலிகை வெறும் ஏமாற்றா? அதுவும் இல்லை. அது வேலை செய்யும் இடம் வேறு.

'எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்' என்று எல்லாப் பொட்டலத்திலும் போட்டிருப்பார்கள். எதிர்ப்புச் சக்தியை எப்போதும் தூண்டி வைத்திருப்பது நல்லதா என்று யாரும் கேட்பதில்லை. பன்றியின் உடம்பு கிருமியோடு சண்டையில் இறங்கினால் முதலில் தீனி குறையும். சாப்பிட்ட புரதமும் சதையாகாமல் காய்ச்சலுக்கும் எதிர்ப்பொருளுக்கும் போய்விடும். பட்டி அழுக்காக இருந்து அந்தச் சண்டை ஓயாமல் நடந்தால், நோய் என்று ஒன்று கண்ணில் படாமலே எடை பின்தங்கும். ஆகவே வளர்ப்பவனுக்கு வேண்டியது ஓயாத தூண்டல் கிடையாது, தேவையில்லாத அழற்சி தணிய வேண்டும். மஞ்சள், மிளகாய், பூண்டு போன்றவற்றைப் பற்றிய நல்ல ஆய்வுகள் காட்டுவதும் இதைத்தான். பெரும்பாலும் அவை குடலில் அழற்சியைத் தணிக்கின்றன, கெட்ட கிருமிகளைக் கொஞ்சம் அடக்குகின்றன, செரிமான நீரைச் சுரக்கவைக்கின்றன. பெயரில் 'எதிர்ப்பு' இருந்தாலும் வேலை பாதி சமாதானப்படுத்துவதுதான்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளியான சோதனைகள் இந்த விஷயத்தில் தெளிவானவை. பால் மறந்த குட்டிகளுக்கு மிளகாய், பூண்டு, மஞ்சள் ஆகியவற்றிலிருந்து எடுத்த செறிவான சாரத்தை, ஒரு கிலோ தீவனத்துக்கு 10 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்தார்கள். பிறகு கழிச்சல் உண்டாக்கும் ஈ. கோலி கிருமியை வேண்டுமென்றே ஊட்டினார்கள். சாரம் சாப்பிட்ட குட்டிகளுக்குக் கழிச்சல் குறைவாக இருந்தது, அழற்சியும் தணிந்திருந்தது. நம் நாட்டிலும் 2011இல் வந்து வாட்டிய நீலக்காது நோயின் வைரஸை வைத்தும் இதே மாதிரி பார்த்தார்கள். தொற்றிய குட்டிகள் தின்ற தீவனத்தை உடம்பாக மாற்றும் திறன் மேம்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நோய் வருமா வராதா என்பது அங்கே கேள்வியே இல்லை. கிருமியை அவர்களேதான் கொடுத்தார்கள். வந்த நோயைக் குட்டி எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்பதற்கான விடைதான் அது. கடைக்காரர் 'அண்டாது' என்று சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது.

இந்த மூலிகைச் சந்தை ஏன் திடீரென்று பெருத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியோடு நிறுத்தியது. 2015இல் சீனாவின் பன்றிகளில் இருந்த கிருமிகளில், கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்துக்கும் அவற்றை அடங்காமல் செய்யும் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. சீனா கொலிஸ்டினைத் தீவனத்திலிருந்து 2017இல் எடுத்தது, மற்ற வளர்ச்சி ஆன்டிபயாடிக்குகளை 2020இல் நிறுத்தியது. காலியான இடத்தை நிரப்ப அமிலங்கள், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள், மூலிகைச் சாரங்கள் எல்லாம் வரிசையில் வந்தன. அவற்றில் தரமானவையும் உண்டு. ஆனால் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதாமல், கொடுத்த மறுநாளே கழிச்சலைச் சட்டென்று நிறுத்தும் 'மூலிகை'யைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். உள்ளே ஆன்டிபயாடிக் பொடி இருக்கலாம். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை.

இனி குட்டியின் எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பன்றிக்குட்டி பிறக்கும்போது எதிர்ப்பொருள் ஏறக்குறைய இல்லாமலே பிறக்கிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகவே போய்விடும். பன்றியின் நச்சுக்கொடி அதைக் கடத்தாது. எல்லாம் சீம்பாலில்தான். அதுவும் பிறந்து ஒரு நாளுக்குள், குடல் அதை அப்படியே உறிஞ்சும் கதவைச் சாத்துவதற்குள், ஒவ்வொரு குட்டிக்கும் 200 முதல் 250 கிராம் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். பதினான்கு குட்டி போட்ட தாயிடம் கடைசியில் பிறந்த சின்னக் குட்டிக்கு இது கிடைப்பதில்லை. பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் கூடையில் போட்டு ஒதுக்கிவைத்து, சின்னவற்றை முதலில் குடிக்கவிடுவது ஒரு காசு செலவில்லாத எதிர்ப்புச் சக்தி. எந்தத் தூளும் இதற்கு ஈடில்லை. அதோடு, குட்டி சுமார் 50 மில்லிகிராம் இரும்புச்சத்தோடுதான் பிறக்கிறது. நாளுக்கு 7 மில்லிகிராம் தேவை, பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம்தான். சிமெண்ட் தரையில் வளரும் குட்டிக்கு மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போடாவிட்டால் வெளுத்துப்போய் எதையும் தாங்காது. முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறதே என்று தாய்க்குக் கொடுப்பார்கள். தாய்க்கு நல்லதுதான். ஆனால் தாய் எதைத் தின்றாலும் பாலில் இரும்பு அதிகரிக்காது.

தாயிடமிருந்து வாங்கிய எதிர்ப்பொருள் வாரம் ஆக ஆகக் குறையும். குட்டியின் சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் முற்றியிருக்காது. சரியாக அந்தப் பள்ளத்தில்தான் நாம் பால் மறக்கடிக்கிறோம். அதே நாளில் இடம் மாற்றி, வேறு ஈற்றுக் குட்டிகளோடு கலந்து, தீவனத்தையும் மாற்றுகிறோம். இரண்டு நாள் தின்னாமல் கிடக்கும். குடலின் உட்சுவர் மெலியும். மூன்றாம் நாள் பசி தாங்காமல் அள்ளித் தின்னும். செரிக்காத புரதத்தில் ஈ. கோலி பெருகும். பால் மறந்த கழிச்சல் என்பது பெரும்பாலும் இந்தக் கதைதான். மூலிகைக்குக் காசு செலவழிக்க ஏற்ற இடமும் இதுவே: பால் மறப்பதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து, பின்னால் மூன்று வாரம் வரை. இருபது வீசை (சுமார் 33 கிலோ) தாண்டிய கொழுக்கும் பன்றிக்குக் கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன கொடுக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் தீவனமே அதைக் குறைத்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. பகோ பக்கம் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. ஷான் மலையிலிருந்து வரும் மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, உடைந்த அரிசி எல்லாம் மூட்டையில் ஈரம் குடிக்கும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு விருந்து. அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், எதிர்ப்பணுக்களை மந்தமாக்கும். போட்ட தடுப்பூசிகூட ஒழுங்காகப் பிடிக்காது. அமெரிக்காவில் குட்டிகளின் தீவனத்துக்கு ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், இனப்பெருக்கப் பன்றிக்கு 100, கொழுக்கும் பன்றிக்கு 200 என்று சோளத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். குட்டிக்கான வரம்பு எவ்வளவு இறுக்கம் என்று பாருங்கள். நாமோ, நாற்றம் வந்த புண்ணாக்கை மனிதருக்கு ஆகாது, பன்றிக்குப் போடலாம் என்று ஒதுக்குகிறோம்.

இந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது, வெயிலில் காயவைத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சை சாகும், விட்ட நஞ்சு அப்படியே இருக்கும். பெண்டோனைட் என்ற களிமண் பொடி அஃப்ளாடாக்சினை ஓரளவு பிடித்துவைக்கும். ஆனால் சோளத்தில் வரும் வேறு பூஞ்சை நஞ்சுகளிடம் அதன் பிடி தளர்ச்சி. சினைக்கு வராத பெட்டைக் குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்கியிருந்தால் ஜியரலினோன் என்ற நஞ்சை நினையுங்கள். பார்வைக்கு நல்ல தீவனத்தைப் பன்றிகள் முகர்ந்துவிட்டு ஒதுங்கினால் வொமிடாக்சின் என்ற நஞ்சை நினையுங்கள். மஞ்சள் இந்த நஞ்சிலிருந்து ஈரலைக் கொஞ்சம் காக்கும் என்பதற்குக் கோழிகளில் ஆய்வு உண்டு. ஆனால் ஒரு பக்கம் நஞ்சைப் போட்டு மறுபக்கம் மஞ்சளைப் போடுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலை.

தவிடும் அப்படித்தான். ஆலையிலிருந்து வந்த தவிட்டில் எண்ணெய் உண்டு, அதைச் சிதைக்கும் நொதியும் கூடவே உண்டு. அரைத்த கணமே வேலை தொடங்கிவிடும். நம் வெக்கையில் சில நாளிலேயே காறல் வாடை வரும். காறிய கொழுப்பு வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும். எதிர்ப்பணுக்களுக்கு மிக வேண்டிய சத்து அது. ஆகவே தவிட்டை மாதக் கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள். வாரத்துக்கு வேண்டியதை வாங்குங்கள், மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

குடற்புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. உருண்டைப்புழு உள்ள பன்றிக்குச் சில தடுப்பூசிகள் சரியாக வேலை செய்வதில்லை என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். பாக்கை இடித்துப் புழுவுக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாக்கில் உள்ள அரிகோலின் புழுவை விரட்டும், கொஞ்சம் கூடினால் பன்றியையும் கீழே தள்ளும். இதற்கு மட்டும் கடை மருந்தையே வாங்குங்கள், இறைச்சிக்கு விற்கும் முன் விட வேண்டிய நாள் கணக்கை அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அரைப்பது பற்றி. தாராளமாக அரைக்கலாம். சாயம் ஏற்றிய மஞ்சள் தூளை வாங்க வேண்டாம். வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்புக்காக ஈயக் குரோமேட் சேர்த்தது 2019இல் ஆய்வில் வெளிவந்தது. ஈயம் ஏறினால் வைத்தியமே வியாதியாகிவிடும். விரலி மஞ்சள் வாங்கி, காயவைத்து நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ தீவனத்துக்கு 300 கிராம் வரை நான் சொல்வது. மஞ்சளின் சத்து குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறுவது மிகக் குறைவு. ஒரு சிட்டிகை மிளகு அதைக் கூட்டும். ஆனால் நமக்கு அது குடலிலேயே தங்கி வேலை செய்தாலும் போதும் என்பதால் மிளகுக்காகக் கையைக் கடிக்கும் செலவு வேண்டாம்.

பூண்டை நசுக்கினால்தான் கிருமியை அடக்கும் அல்லிசின் என்ற சத்து உண்டாகும், சூட்டில் அது போய்விடும். கஞ்சியோடு சேர்த்துக் காய்ச்சிய பூண்டு மணம் மட்டும்தான். நசுக்கி, சற்று நேரம் வைத்து, ஆறிய தீவனத்தில் கலக்க வேண்டும். அதிகமானால் குட்டி தின்னாது. நிலவேம்பில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. நல்ல மூலிகைதான். ஆனால் பன்றி மனிதனைவிட அதிகச் சுவைமொட்டு உள்ள பிராணி. பால் மறந்த குட்டியை எப்படியாவது தின்னவைப்பதே நம் வேலையாக இருக்கும்போது, இவ்வளவு கசப்பான செடியைக் கலந்து அதை ஏன் விரட்ட வேண்டும்? எலிகளில் கருத்தரிப்பைப் பாதித்ததாகவும் ஆய்வு உண்டு, ஆகவே சினைப்பன்றிக்கு வேண்டவே வேண்டாம். வேப்பங்கொட்டைக்கும் இதே எச்சரிக்கை. ஆமணக்குப் புண்ணாக்கைத் தொடவே கூடாது, அதில் இருப்பது ரிசின் நஞ்சு. சூபாபுல் இலை அதிகமானால் மயிர் கொட்டும்.

நம் ஊரில் சும்மா கிடைப்பதில் எனக்குப் பிடித்தது முருங்கை. நிழலில் உலர்த்திய இலையில் நான்கில் ஒரு பங்கு புரதம். தாய்ப்பன்றிக்கு ஈனுவதற்கு முன் சில வாரம், தீவனத்தில் 100க்கு 5 கிலோ வரை கலக்கலாம். இதை மருந்து என்று சொல்வதைவிடச் சோறு என்று சொல்வதே பொருத்தம். நல்ல தீனி தின்ற தாயின் சீம்பாலில்தான் சத்து இருக்கும்.

கழிச்சல் கண்ட குட்டிக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் உப்பும் சர்க்கரையும். மனிதருக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் பொட்டலமே போதும். காய்ந்த வைக்கோல், மழைக்காற்று படாத மூலை, பழைய தீவனமே இன்னும் ஒரு வாரம். இவற்றோடு மஞ்சளும் பூண்டும் துணை நிற்கும். இரத்தக் கழிச்சல் என்றால் மூலிகையை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வாங்கிய இரண்டு மூட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். பிரித்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தாலோ கட்டி தட்டியிருந்தாலோ குப்பைக்கு. காய்ந்த மூலிகையிலும் பூஞ்சை வளரும். நன்றாக இருந்தால் அடுத்த ஈற்றில் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு தாயின் குட்டிகளையும் எடை பார்த்து இரண்டு பாதியாகப் பிரியுங்கள், இரண்டு பக்கமும் சம எடை இருக்கும்படி. ஒரு பாதிக்குத் தூள், மறுபாதிக்கு வெறும் தீவனம், மற்ற எல்லாம் ஒரே மாதிரி. காதில் அடையாளம் போடுங்கள். கழிச்சல் கண்ட குட்டியைத் தினமும் குறித்துக்கொள்ளுங்கள், நான்கு வாரம் கழித்து மறுபடி தராசில் ஏற்றுங்கள். ஒரு ஈற்றை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், எட்டுத் தாய் இருக்கிறதே, எட்டையும் பாருங்கள். கூடுதலாக வந்த வீசைக்கு அன்றைய சந்தை விலை தூளின் விலையைவிட அதிகமாக இருந்தால் மூன்றாம் மூட்டை வாங்கலாம்.

இடையில் எந்தப் பன்றிக்காவது 40.5 பாகைக்கு மேல் காய்ச்சல் அடித்து, காதும் வயிறும் சிவந்து, தின்னாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தால், தூளைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், அவசரமாக விற்கவும் வேண்டாம், அங்கேயே அறுக்கவும் வேண்டாம். இரத்தம் சிந்தினால் பரவும். வாசலை அடைத்துவிட்டு ஊர்க் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். செருப்பைக் கழுவாமல் பக்கத்துப் பட்டிக்குப் போகாதீர்கள். சாணியைச் சுத்தமாக வழித்த பிறகே மருந்து தெளியுங்கள், சாணி மேல் தெளிக்கும் மருந்துக்கு வேலை இல்லை. ஆயிரம் பங்கு தண்ணீருக்கு எட்டுப் பங்கு காஸ்டிக் சோடா, அரை மணி நேரம் ஊற வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும்.